தண்ணியும் தண்ணீரும்: வக்கீல் பதில்கள்

கேள்வி: மேடம், நான் ஆஸ்டின் பக்கம் சீடர் பார்க்கில் இருக்கிறேன். எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். ஜூலை 4 விடுமுறையில் ஆபீஸ் நண்பர்கள் 11 பேர் சேர்ந்து டிராவிஸ் ஏரியில் ஒரு பாண்டூன் படகை (மிதவைகள் மேல் தட்டையான தளம் உள்ள படகு) வாடகைக்கு எடுத்தோம். 115 குதிரைத்திறன் எஞ்சின். டெவில்ஸ் கோவ் என்ற குடாவில் நங்கூரம் போட்டு, பிரியாணி சாப்பிட்டு, பீர் குடித்துக்கொண்டு மதியம் முழுக்க வெயிலில் கிடந்தோம். கடைசி பீர் 4.45 இருக்கும். திரும்பும்போது நான் ஓட்டினேன். 5.10க்கு கேம் வார்டன் (வனவிலங்கு, நீர்நிலைகளைக் காக்கும் மாநிலக் காவல் அதிகாரி) படகு பக்கத்தில் வந்து நிறுத்தச் சொன்னது. பாதுகாப்புச் சோதனை என்றார். லைஃப் ஜாக்கெட்டை எண்ணினார், பத்துதான் இருந்தது. “குடித்தீர்களா?” என்றார். “ரெண்டு பீர்” என்றேன். உண்மையில் நாலு. அவர் படகில் உட்காரவைத்து மூக்கைத் தொடு, கையைத் தட்டு என்றார். பிறகு துறையில் இறக்கி நடக்கவைத்தார். ஊதச் சொன்னபோது மறுத்தேன். வாரண்ட் வாங்கி 7.50க்கு ரத்தம் எடுத்தார்கள். ஒரு ராத்திரி ஜெயில். படகைத்தானே ஓட்டினேன், இதுவும் குடித்துவிட்டு கார் ஓட்டிய மாதிரியா? எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்தினாரே, அதை வைத்தே கேஸை உடைக்க முடியாதா? எனக்குத் தெரிந்த ஒருவர், “முதல் தடவைதானே, டெஃபர்ட் (தீர்ப்பைத் தள்ளிவைத்து நன்னடத்தையில் விடுவது) கேளுங்கள், ஒன்றும் ஆகாது” என்கிறார். கேட்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் மின்னஞ்சல் என்னிடம் வந்தபோது நீங்கள் கைதாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இதழ் அச்சாகி வருவதற்குள் காரியம் கெட்டுவிடும் என்று அன்று இரவே உங்களுக்கு இரண்டு வரி அனுப்பினேன். ‘அவர்கள் கையில் கொடுத்த டி.ஐ.சி.-25 தாளை (லைசென்ஸ் நிறுத்த அறிவிப்பு) எடுங்கள், 15 நாளுக்குள் விசாரணை கேளுங்கள்’ என்று. கேட்டுவிட்டதாகப் பதில் போட்டிருந்தீர்கள். பிழைத்தீர்கள். மற்றவர்களுக்காக அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏரியில் பிடிபட்டதற்கும் கார் லைசென்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றும். டெக்சாஸில் சம்பந்தம் உண்டு. 50 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்டிக் கைதாகி, ஊதவோ ரத்தம் கொடுக்கவோ மறுத்தால், கார் ஓட்டும் லைசென்ஸை 180 நாள் நிறுத்திவைப்பார்கள். பிறகு வாரண்ட் வாங்கி ரத்தம் எடுத்துவிட்டார்களே என்றால், மறுத்தது மறுத்ததுதான். இந்த நிறுத்தத்தை எதிர்த்து விசாரணை கேட்க 15 நாள்தான் கெடு. அது கோர்ட்டில் நடக்கும் கிரிமினல் கேஸ் இல்லை, தனி நிர்வாக விசாரணை. கேட்டுவைத்தால் முடிவு வரும்வரை லைசென்ஸ் ஓடும். லைசென்ஸைவிடப் பெரிய லாபம் ஒன்றும் அதில் இருக்கிறது. உங்கள் வக்கீல் அந்த வார்டனுக்கு சம்மன் அனுப்பி, சத்தியப் பிரமாணத்தோடு கேள்வி கேட்கலாம். கிரிமினல் கேஸில் ஜூரி முன்னால் அவர் கூண்டேறும் முன்பே, அன்று நடந்ததை அவர் வாயாலேயே பதிவு செய்துவைக்க ஒரு வாய்ப்பு. இதில் லைசென்ஸ் போனாலும் பரவாயில்லை, அந்தப் பதிவு பிறகு பொன் மாதிரி.

(அந்தக் குடாவைப் பற்றி ஒரு சங்கதி. ‘கோவ்’ என்ற பெயரோடு ‘இல்’ சேர்த்தால் தமிழில் ‘கோவில்’ ஆகிவிடுகிறது. போன வருடம் ஒரு பாட்டி, “பேரன் டெவில்ஸ் கோவில் போனான், போலீஸ் பிடித்துவிட்டது, சாமி கும்பிடப் போனவனை ஏன் பிடித்தார்கள்?” என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.)

சரி, உங்கள் முதல் கேள்வி. ஆமாம், கிட்டத்தட்ட அதே மாதிரிதான். டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தில் 49.04 என்பது போதையில் கார் ஓட்டுவது, 49.06 என்பது போதையில் படகு ஓட்டுவது. முதல் தடவை இரண்டுமே ‘பி’ வகுப்புக் குற்றம். குறைந்தது 72 மணி நேரம், அதிகபட்சம் 180 நாள் ஜெயில். 2,000 டாலர் வரை அபராதம். இரண்டாவது தடவை என்றால் ‘ஏ’ வகுப்பு, மூன்றாவது என்றால் பெருங்குற்றம். அந்தக் கணக்கில் காரும் படகும் ஒரே கல்லாவில்தான் விழும். பத்து வருடத்துக்கு முன் காரில் ஒரு தண்டனை, இன்று ஏரியில் ஒன்று என்றால், அது இரண்டாவது.

இதில் பலர் ஏமாறுவது எங்கே என்றால், படகில் பீர் குடிப்பது டெக்சாஸில் குற்றம் இல்லை. காரில் திறந்த பாட்டில் வைத்திருந்தால் தனிக் குற்றம், அந்தச் சட்டம் படகுக்குக் கிடையாது. ஓட்டுபவர் கையிலேயே கேன் இருந்தாலும் அதற்காக மட்டும் பிடிக்க முடியாது. அதனால்தான் எல்லோரும் படகைக் கல்யாண மண்டபம் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். குற்றம் போதையில்தான் இருக்கிறது. அதற்கும் இரண்டு அளவுகோல். ஒன்று, ரத்தத்தில் 0.08. இன்னொன்று, மனமோ உடம்போ இயல்பாக வேலை செய்யாத நிலை. இந்த இரண்டாவதுக்கு எந்த எண்ணும் வேண்டியதில்லை. 0.06 வந்தாலும், இயல்பாக இல்லை என்று ஜூரியை நம்பவைத்தால் போதும்.

இப்போது உங்கள் ‘காரணமில்லாமல் நிறுத்தினார்’ என்ற வாதம். நீங்கள் ரொம்ப நம்பியிருப்பது இதைத்தான். வருத்தத்தோடு சொல்கிறேன், அது ஓடாது. சாலையில் என்றால் ஓடும். 1979இல் டெலவேர் எதிர் ப்ரௌஸ் வழக்கில், சும்மா போகிற காரை லைசென்ஸ் பார்க்கலாம் என்று தோன்றியதற்காக நிறுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்ணீரில் கதை வேறு. 1983இல் வில்லமோண்டே-மார்க்வெஸ் வழக்கு. லூசியானாவில் ஒரு கால்வாயில் நங்கூரமிட்டிருந்த 40 அடி பாய்மரப் படகு, பக்கத்தில் போன சரக்குக் கப்பலின் அலையில் ஆடியது. சுங்க அதிகாரிகள், “எல்லாம் சரிதானா?” என்று கேட்டார்கள். படகில் இருந்தவர் பதில் சொல்லாமல் தோளைக் குலுக்கினார். ஏறிப் பார்த்தால் உள்ளே மூட்டை மூட்டையாகக் கஞ்சா. சந்தேகமே இல்லாமல் ஏறியது சரியா என்பதுதான் கேள்வி. சரி என்றது நீதிமன்றம். 1790இலேயே முதல் காங்கிரஸ் அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. தண்ணீரில் நிரந்தரச் சோதனைச் சாவடி போட முடியாது என்பது இன்னொன்று.

டெக்சாஸில் பூங்கா, வனவிலங்குச் சட்டத் தொகுப்பின் 31.124, எந்தப் படகையும் நிறுத்தி ஏறிப் பார்க்கலாம் என்கிறது. 2000இல் ஷெனெக்ல் வழக்கில் இந்த மாநிலத்தின் உச்சக் கிரிமினல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அதுவும் உங்களுடையதைப் போல ஏரிப் படகு, போதை கேஸ்தான். ஆகவே நிறுத்தியதை எதிர்த்து உங்கள் வக்கீல் மனுப் போட விரும்பினால் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தையும் நம்பிக்கையையும் அங்கே கொட்டாதீர்கள். போதாததற்கு உங்கள் படகில் ஒரு ஜாக்கெட் குறைவு.

உங்கள் கேஸ் இருப்பது 5.10க்கு அப்புறம் நடந்த அரை மணி நேரத்தில்.

என் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திச் செல்லும் தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போய்த் திரும்பி இறங்கினால், முதல் நாள் எங்கள் வீட்டு வாசற்படியில் கால் வைக்கத் தடுமாறுவார். படி இருக்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே காலைத் தூக்கி வைப்பார். சாப்பிட உட்கார்ந்தால் இலை முன்னால் உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடும். அவருக்கே தெரியாது. தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள், “தண்டல் தண்ணி போட்டிருக்கார்” என்று பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவர் இல்லை. இருபது வருடமாக இந்த மாதிரி கேஸ் வரும்போதெல்லாம் எனக்கு அந்த வாசற்படிதான் ஞாபகம் வருகிறது.

அலையில் பல மணி நேரம் இருந்த உடம்பு கரையில் நின்றாலும் அலையிலேயே இருக்கும். வெயில், காற்று, எஞ்சின் அதிர்வு, நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால், குடிக்காதவனுக்கும் கை கால் தாமதமாகத்தான் கேட்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையே இதைத் தன் பாதுகாப்புப் பாடத்தில் சொல்கிறது. குடிக்காதீர்கள் என்று பயமுறுத்துவதற்காகச் சொல்கிறார்கள். குறுக்கு விசாரணையில் அதே பாடம் நம் பக்கம் பேசும்.

படகில் நிற்கவைத்துச் சோதிக்க முடியாது என்பதால்தான் உட்காரவைத்துச் செய்யும் நான்கு சோதனைகளைத் தனியாக வகுத்தார்கள். கண்ணுக்கு முன் பேனாவை நகர்த்துவது. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, சொல்கிற கையின் ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொடுவது. ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்றை வைத்துப் புரட்டிப் புரட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணித் தட்டுவது. முஷ்டிகளை ஒன்றன்முன் ஒன்றாக வைத்து நாலு வரை எண்ணி, மூன்று தட்டுத் தட்டி, ஐந்திலிருந்து எட்டு வரை எண்ணித் திரும்ப வருவது. ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. மூக்குச் சோதனையில் ஆறு தடவை, இடது, வலது, இடது, வலது, வலது, இடது என்று வரிசை. அந்த ஐந்தாவதில், இன்னொரு தடவை வலது என்றதும் பலர் பழக்கத்தில் இடது கையைத் தூக்கிவிடுவார்கள். அது சோதனையில் வைத்திருக்கும் சின்னப் பொறி. என் வீட்டுக்காரர் காபி மட்டும் குடித்துவிட்டு அதில் தோற்றார்.

இதில் உங்கள் வக்கீல் தோண்ட வேண்டியவை: உங்களை உட்காரவைத்த நேரத்தில் பக்கத்தில் எத்தனை படகு போனது, அலை எப்படி இருந்தது, கண் சோதனையின்போது நீங்கள் எதைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். வார்டன் படகின் நீல விளக்கு சுழன்றுகொண்டிருந்ததா? சுழலும் விளக்கையோ நகரும் வண்டிகளையோ பார்க்கும் திசையில் ஆளை வைத்துக் கண் சோதனை செய்யக்கூடாது என்று அவர்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஓடுகிற பொருளைப் பார்த்தால் குடிக்காத கண்ணும் துடிக்கும்.

அப்புறம் அந்த நடை. கோட்டில் நடந்து திரும்பும் சோதனைக்கு உலர்ந்த, கெட்டியான, சமமான, வழுக்காத தரை வேண்டும். ‘துறையில் இறக்கி’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் துறை? டிராவிஸ் ஏரியில் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் படகுத் துறைகள் பல மிதவை மேல்தான். மிதக்கும் பலகையில் நடக்கவைத்தார் என்றால் அது நல்ல விஷயம். கரையில் கல் பாவிய சரிவு என்றால் அதுவும் மோசமில்லை. படகிலிருந்து இறங்கி எத்தனை நிமிஷம் கழித்து நடக்கவைத்தார் என்பதும் முக்கியம். கால் தரைக்குப் பழக வழக்கமாகக் கால் மணி நேரமாவது விடுவார்கள். விடவில்லை என்றால் ஏன் விடவில்லை என்று கேட்கலாம். ஈரக் காலா, செருப்பா? நாளைக்கே அந்த இடத்துக்குப் போய்ப் படம் எடுத்துவையுங்கள். அதே நேரத்துக்கு, அதே வெயிலில்.

நண்பர்கள் கைப்பேசியில் அன்று எடுத்த வீடியோக்களை எல்லாம் வாங்குங்கள். நீங்கள் படகைத் துறையில் அழகாக ஒட்டிய வீடியோ ஒன்று இருந்தால், பத்து சாட்சிக்குச் சமம். வார்டனின் உடல் கேமராப் பதிவைக் கொடுத்தாக வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். 2014 முதல் இங்கே அரசுத் தரப்பு தன் கோப்பைத் திறந்துகாட்ட வேண்டும். நீங்கள் இருக்கும் வில்லியம்சன் கவுன்டியிலேயே, செய்யாத கொலைக்காக ஏறக்குறைய 25 வருடம் ஜெயிலில் கிடந்து 2011இல் வெளியே வந்த மைக்கேல் மார்ட்டன் பெயரில்தான் அந்தச் சட்டம். அவர் பக்கம் இருந்த ஆதாரத்தைக் காட்டாமல் வைத்திருந்தார்கள். அவர் பட்ட பாட்டில்தான் இன்று உங்கள் வக்கீல் அந்த வீடியோவைப் பார்க்கிறார்.

“ரெண்டு பீர்” என்றீர்களே, அதைப் பற்றித் திட்டாமல் இருக்க முடியவில்லை. இந்த உலகத்தில் போலீஸிடம் பிடிபட்ட எல்லோரும் சொல்வது ரெண்டு பீர்தான். ஜூரி அதைக் கேட்டதும் சிரிப்பார்கள். பொய் என்று ரத்தம் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். மரியாதையாக, “கேள்விகளுக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை ஐயா” என்றிருக்கலாம். உட்கார்ந்து செய்யும் சோதனைகளையும் மறுத்திருக்கலாம், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. மறுத்ததை ஜூரியிடம் சொல்வார்கள்தான், ஆனால் தடுமாறிய வீடியோவைவிட அது தேவலாம். உங்கள் வக்கீல் இதில் ஒரு வாதம் வைக்கலாம். சாலையோரத்தில் நிறுத்திக் கேட்பது கைது ஆகாது, அதனால் பேசாமல் இருக்கும் உரிமை போன்றவற்றைப் படித்துக்காட்டத் தேவையில்லை என்பது 1984இல் வந்த பெர்க்மெர் தீர்ப்பு. சாலையில் என்றால் சரி. அவர் படகுக்கு உங்களை மாற்றி, சுற்றிலும் தண்ணீராக இருக்கும்போது, எழுந்து போய்விடலாம் என்று யார் நினைப்பார்கள்? ‘ரெண்டு பீர்’ அதற்கு முன்னாலேயே உங்கள் படகில் சொன்னது என்றால் இது உதவாது. அவர் படகில் உட்கார்ந்து வேறு என்னென்ன சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ரத்தம். 5.10க்கு ஓட்டினீர்கள், 7.50க்கு எடுத்தார்கள். சட்டம் கேட்பது ஓட்டிய நேரத்து அளவு. இரண்டு மணி நாற்பது நிமிஷம் பின்னால் போய்க் கணக்குப் போட, அரசுத் தரப்பு நிபுணர் வர வேண்டும். 2001இல் மாட்டா வழக்கில், இந்தப் பின்கணக்கை யார் வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி சொல்லக்கூடாது, எடை என்ன, என்ன சாப்பிட்டார், கடைசியாகக் குடித்தது எப்போது என்ற விவரங்கள் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வயிறு நிறையப் பிரியாணி, 4.45க்கு ஒரு பீர் என்றால், 5.10க்கு அந்தக் கடைசி பீர் ரத்தத்தில் முழுசாக ஏறியே இருக்காது. ஆனால் இது இரண்டு பக்கமும் கூருள்ள கத்தி. 7.50க்கு உடம்பு கரைக்க ஆரம்பித்திருந்தால், ஓட்டும்போது இன்னும் அதிகமாக இருந்திருக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். அதனால் 4.45 பீரைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள், இப்போது எனக்கு எழுதியது போதும். எண் என்ன என்று ஆய்வகத்திலிருந்து தெரியும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம். 0.15க்கு மேல் என்றால் ஆட்டமே வேறு.

கடைசியாக டெஃபர்ட். இதுதான் நீங்கள் கேட்டதில் ஆபத்தானது. 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, முதல் தடவை கார் அல்லது படகு போதைக் கேஸில், அளவு 0.15க்குக் குறைவாக இருந்தால், நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைத்து நன்னடத்தையில் விடலாம். ஒழுங்காக முடித்தால் டெக்சாஸ் கணக்கில் தண்டனை இல்லை. இங்கே பிறந்தவருக்கு அருமையான வழி. நான் அவர்களுக்குச் சந்தோஷமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் அதற்கு முதலில் நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது எதிர்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். குடியேற்றச் சட்டத்தில், ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் எந்தக் கட்டுப்பாடாவது விதிக்கப்பட்டால், அது தண்டனைதான். நன்னடத்தை என்பதே கட்டுப்பாடு. டெக்சாஸ் நீதிபதி, “உனக்குத் தண்டனை இல்லை” என்பார், குடியேற்ற அதிகாரி, “உனக்குத் தண்டனை இருக்கிறது” என்பார். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்வார்கள். இன்னொன்று, அடுத்த தடவை பிடிபட்டால் டெக்சாஸும் இதை முதல் தண்டனையாக எண்ணிக்கொள்ளும்.

பயந்துவிடாதீர்கள். வெறும் போதைக் கேஸ் ஒன்றுக்காக நாடு கடத்துவது வழக்கமில்லை. குடித்து ஓட்டியதை வன்முறைக் குற்றமாகச் சேர்க்க முடியாது என்று 2004இல் லியோகால் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அதிகாரிக்கு விருப்புரிமை உண்டு. அதனால் வரிசை இதுதான்: முதலில் தள்ளுபடி, இல்லையென்றால் எந்த ஒப்புதல் கையெழுத்தும் கேட்காத, முடித்தால் கேஸைக் கைவிடும் திருத்தத் திட்டம், அதுவும் இல்லையென்றால் பொறுப்பில்லாமல் படகு ஓட்டியது மாதிரியான சின்னக் குற்றத்துக்கு இறக்குவது, எதுவும் நடக்காவிட்டால் ஆறு பேர் ஜூரி முன்னால் நிற்பது. எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பும் குடியேற்ற வக்கீல் ஒருவர் அதைப் படிக்க வேண்டும். உங்கள் கிரிமினல் வக்கீல், “அது என் வேலை இல்லை” என்றால், 2010இல் வந்த படில்லா தீர்ப்பைப் படித்தீர்களா என்று கேளுங்கள். குடியேற்ற விளைவைச் சொல்வது அவர் கடமை.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் இன்ஜினியர். ஏதோ ஏரியில் படகு ஓட்டினானாம், ஒரு ராத்திரி ஜெயிலில் வைத்தார்களாம். கேஸ் நடக்கிறது என்கிறான். தைமாதம் அவன் தங்கைக்குக் கல்யாணம். வருவதில் சிக்கல் ஏதும் உண்டா அம்மா? எங்களிடம் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறான். (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: அம்மா, அவன் சொல்லாததற்குக் காரணம் உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்பதாகத்தான் இருக்கும். நான் சொல்கிறேன். போதையில் வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தண்டனை ஆகாவிட்டாலும், அமெரிக்க வெளியுறவுத் துறை பாஸ்போர்ட்டில் உள்ள விசாவை ரத்து செய்யலாம். பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் வரும். அங்கே இருக்கும்வரை பையன் வேலையில் தொடரலாம், விசா போனதால் மட்டும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஊருக்கு வந்துவிட்டால் திரும்பிப் போகப் புது விசா வேண்டும். சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல், அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம் குடிப்பழக்கம் உண்டா என்று பரிசோதனை. விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானது உண்டா என்று கேட்பார்கள். கேஸ் தள்ளுபடியாகி, பதிவையே அழித்திருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். மறைத்தால் அதுதான் பெரிய குற்றம்.

ஆகவே, டிக்கெட் போடும் முன் அவன் பழைய மின்னஞ்சல்களை, குப்பைப் பெட்டி உட்படத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் நடக்கும்போது ஊரைவிட்டுப் போக கோர்ட் அனுமதி வேண்டுமா என்று ஜாமீன் தாளில் பார்க்கச் சொல்லுங்கள். பொரியிட அண்ணன் வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சித்தப்பா பையன், பெரியப்பா பையன் யாராவது தயாராக இருக்கட்டும். வந்துவிட்டு மாதக்கணக்கில் திரும்பிப் போக முடியாமல், வேலை என்ன ஆகுமோ என்று கல்யாண வீட்டில் அவன் முகம் இருண்டு கிடப்பதைவிட அது மேல். அவனைத் திட்டாதீர்கள், இப்போது எல்லோரும் திட்டி முடித்திருப்பார்கள்.

கேள்வி: நியூ பிரான்ஃபெல்ஸ் ஆற்றில் டியூபில் மிதந்துகொண்டே பீர் குடிக்கிறோம். எங்களையும் பிடிக்கலாமா?

பதில்: படகு கேஸில் பிடிக்க முடியாது. நீரோட்டம் மட்டுமே தள்ளும் எதுவும் இந்தச் சட்டத்தில் படகு இல்லை. ஆனால் துடுப்புப் போட்டால்? கயாக்கை நீரோட்டம் மட்டும் தள்ளவில்லை, உங்கள் கையும் தள்ளுகிறது, அதனால் அது உள்ளே வரும் என்றுதான் நான் எச்சரிப்பேன். வேடிக்கை என்னவென்றால், நீர்ச்சறுக்குப் பலகையைப் பெயர் சொல்லியே படகு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சறுக்கிவருபவர் மேலும் கேஸ் போடலாம். டியூப்காரர்களுக்குப் பொது இடத்தில் போதை என்ற வேறு சட்டம் இருக்கிறது, 500 டாலர் வரை அபராதம். கரையேறித் தள்ளாடும்போது அதைத்தான் எழுதுவார்கள்.

கேள்வி: நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் சீட்டில் உட்கார்ந்திருந்தால் ஓட்டியதாக ஆகுமா?

பதில்: ‘ஓட்டுவது’ என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. 1995இல் டென்டன் என்ற கார் கேஸில், வாகனத்தைப் பயன்படுத்தும் விதமாக எதையாவது செய்தாரா என்று எல்லாச் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். வண்டி நகர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை. சும்மா உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டால் தப்பிக்க நல்ல வாய்ப்பு. சாவியைத் திருகிப் பாட்டுப் போட்டால் வாதம் ஆரம்பிக்கும். எஞ்சின் ஓடினால் என்னிடம் வரும்போது கொஞ்சம் பணமும் எடுத்துவாருங்கள்.

கேள்வி: கைதானதால் படகை நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வாடகைக் கம்பெனி முன்பணம் 500 டாலரைப் பிடித்துக்கொண்டது. கேட்டால் ஒப்பந்தத்தைப் படி என்கிறார்கள். வாங்க முடியுமா?

பதில்: படித்தீர்களா? ஓட்டுபவர் குடிக்கக்கூடாது என்று பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கும், பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பமும் இருக்கும். இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஜே.பி. கோர்ட்டில் (சின்னப் பண வழக்குகளைக் கேட்கும் உள்ளூர் நீதிமன்றம்) 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். ஆனால் அங்கே கூண்டேறி, அன்று என்ன நடந்தது என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருக்கும். ஏரி கேஸ் முடியும்வரை பொறுங்கள்.